ரைமொந்தா டீச்சரின் மணல்

"முழங்காலுக்குப் பின்னாடி," என்கிறார் ரைமொந்தா டீச்சர். பையன் முதுகைக் காட்டி நிற்கிறான். சுவருக்கு வெள்ளையடிக்கிற அகலமான பிரஷ் ஒன்று அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து முழங்கால் மடிப்பில் இரண்டு இழுப்பு இழுக்கிறார். பலகைப் பாதையில் மணல் பொலபொலவென்று உதிர்கிறது. "பாத்தியாடா கொள்ளைக்காரா? இதோட வேன்ல ஏறி, வீட்டுக்குப் போய்க் குளிச்சிருந்தா இவ்வளவும் சாக்கடைக்குத்தான் போயிருக்கும். சரி, அடுத்த கால்."

அடுத்த கால் முடிந்ததும் செருப்பு. இரண்டையும் கழற்றி ஒன்றோடு ஒன்று தட்ட வேண்டும். அப்புறம் துண்டு. அப்புறம் விளையாட்டு வாளி. வகுப்பு முழுவதும் இப்படி வரிசையில் நின்று தட்டி முடிப்பதற்குள் நான் வேனில் உட்கார்ந்து செய்தித்தாளில் இறந்தவர்கள் பக்கத்தைக்கூடப் படித்து முடித்துவிடுவேன்.

சார்டினியாத் தீவின் கடலோரத்தில் இருக்கிற தொரெ அல்பா ஊர்த் தொடக்கப் பள்ளியின் வேனை ஓட்டுகிறவன் நான், பெயர் அந்தியோக்கோ. இந்தச் சோதனையால் முதல் லாபம் எனக்குத்தான். முன்பெல்லாம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன நாளில் வேனைப் பெருக்கினால் அரை வாளி மணல் வரும். இருக்கை மடிப்பு, சன்னல் பள்ளம், கியர் கம்பியின் அடி என்று எங்கெங்கோ இருந்து ஒரு வாரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். இப்போது துடைப்பத்துக்கு வேலையே இல்லை. ஆகவே மற்றவர்கள் அவரைக் கிறுக்கு என்று சொன்ன காலத்திலும் நான் கூடச் சேர்ந்து சொன்னதில்லை.

கிறுக்கு கொஞ்சம் உண்டுதான். கடலோரத்தில் பிறந்து வளர்ந்து நாற்பத்தைந்து வயதாகியும் அவருக்கு நீச்சல் தெரியாது. கடலைக் கண்டாலே ஆகாது. வெயிலும் ஆகாது, மூக்கு சிவந்துவிடும். கடற்கரைக்குக் காலுறை மாட்டிக்கொண்டு வருகிற ஒரே ஆள் எங்கள் ஊரில் அவர்தான். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தால் கடைசி வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜெர்மன் மொழியில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும்: "தயவுசெய்து அதைக் கீழே கொட்டுங்கள்." கோடையில் பாட்டிலோடு குனிகிற சுற்றுலாக்காரர்களிடம் அதைச் சொல்வார். அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தாலும் அதையேதான் சொல்வார்.

குனிகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இஸ் கிரானோஸ் கடற்கரையின் மணல் அப்படி. பொடி மணல் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு மணி, பார்த்தால் அரிசியேதான். வெள்ளையில் கொஞ்சம் இளஞ்சிவப்பு, அங்கங்கே ஒரு பச்சை. எதிரே கடலுக்குள் நிற்கிற பாறைத் தீவை அலை அரைத்து அரைத்துப் போட்டது அது. "ரொம்ப மெதுவா அரைக்கிற மில்லு இது," என்பார் டீச்சர். "உங்க தாத்தாவோட தாத்தாவுக்குத் தாத்தா இருக்காரே, அவரெல்லாம் பொறக்கிறதுக்கு முன்னாடி அரைச்சது. இன்னிக்கு ஆர்டர் குடுத்தா இன்னிக்கு வராது." எங்கள் பக்கம் மணலைக் கொண்டுவந்து சேர்க்க ஆறும் கிடையாது. போனது போனதுதான். அதனால் எடுத்தால் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்.

நாலாம் வகுப்புக்கு அவர் மணல் பாடம் நடத்துகிற விதத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பாதிப் பாடம் வகுப்புக்கு வெளியேதான் நடக்கும். முதலில் எல்லோரையும் ஊருக்குள் கூட்டிப்போவார். தபால் நிலையச் சுவரில் கன்னத்தை வைத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்வார். வெயிலில் சுவர் மினுமினுக்கும். பழைய வீடுகள் எல்லாவற்றின் பூச்சிலும் இஸ் கிரானோஸ் மணல் இருக்கிறது. அந்தக் காலத்தில் வண்டி வண்டியாக அள்ளி வந்து பூசியதுதான். "இதுதான் பழைய கடற்கரை," என்பார். "இங்க மீன் பிடிக்க முடியுமா? குளிக்க முடியுமா? சாயலாம், அவ்வளவுதான்." பிறகு சன்னல் கண்ணாடி, நடைபாதை, துறைமுகத்துச் சுவர், என் வேனின் முன்கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டி "இது?" என்று கேட்பார். "மணல்," என்று பிள்ளைகள் கத்துவார்கள். பாதிரியார் அந்தப் பக்கம் போனால் அவரையும் காட்டி "இது?" என்பான் எவனாவது ஒருத்தன்.

அப்புறம் கரண்டிப் பாடம். மேசையில் ஒரு தட்டு, அதில் மணல் குவியல், உச்சியில் காகிதக் குடை ஒன்று குத்தி நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரே ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு கரண்டிதானே, எடுக்கலாமே. எடுப்பார்கள். குவியல் சாயும், சரியும். யாரோ ஒரு பிள்ளை எடுக்கும்போது குடை விழும். "யார் தள்ளிவிட்டது?" என்று டீச்சர் கேட்பார். வகுப்பே ஒரு விரலாக அந்தக் கடைசிப் பிள்ளையைக் காட்டும். "நான் ஒரு கரண்டிதான் எடுத்தேன்," என்று அது கண் கலங்கும். "ஆமா," என்பார் டீச்சர். "எல்லாருமே ஒரு கரண்டிதான் எடுத்தீங்க."

போன மார்ச் மாதம் குடை விழுந்தது நொயெமியிடம். எங்கள் ஊர் மரினெல்லாவின் மகள், ஒன்பது வயது, என் வேனில் எப்போதும் என் பின்னால் உட்கார்ந்து தொணதொணவென்று பேசிக்கொண்டு வருகிற பெண். அன்று வீடு திரும்பும்போதும் பேசினாள். "அந்தியோக்கோ மாமா, அது நியாயமே இல்ல. எனக்கு முன்னாடி ஜோயெலே எடுத்தானே, அவன் கரண்டி நிறைய குவிச்சு எடுத்தான். நான் தட்டையாத்தான் எடுத்தேன்." நான் ஆமாம் போட்டேன். "ஆனா குடை என் கையாலதான விழுந்துச்சு," என்று கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மரினெல்லா மகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வடக்கே இருக்கிற டூரின் நகரத்துக்குக் கிளம்பினாள். அங்கே மரினெல்லாவின் தாய்மாமன் சிசின்னியோ இருக்கிறார். வாலிபத்தில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு பொட்டலம் ஊர் மணல். ஏதோ ஆசை என்று நினைத்த மரினெல்லா, கடையில் வாங்கிய அரிசிப் பாக்கெட்டைப் பிரித்து, அரிசியை டப்பாவில் கொட்டிவிட்டு, அந்தப் பாக்கெட்டில் மணலை நிரப்பி, வாயை மடித்து ஒட்டிவிட்டாள். இப்படி ஒரு யோசனை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் வரும். வேறு எந்தக் கடற்கரைக்காரனும் மணலை அரிசி என்று ஏமாற்ற முடியாது.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த ஆள் பாக்கெட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். "டூரின்ல அரிசி கிடைக்காதாம்மா?" என்று சிரித்திருக்கிறார். "எங்க மாமாவுக்கு இந்த அரிசிதான் பிடிக்கும்," என்றாள் மரினெல்லா. ஆள் பாக்கெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார். அப்போதுதான் நொயெமி சொன்னாள்: "அது அரிசி இல்ல. எங்க ஊர் மணல்."

மணல் போனது. அபராதம் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், அதில் எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர். விமானம் டூரினில் இறங்குவதற்கு முன்பே செய்தி தொரெ அல்பாவில் இறங்கிவிட்டது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே ஆடு திருடினவனைக் கூடப் பத்து வருடத்தில் மன்னித்துவிடுவார்கள், கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். யார் திருடினது என்று போலீசுக்குச் சொன்னவன் செத்தால் தூக்க ஆள் வராது. அது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவன்தான். ஒரு பெண்குழந்தை, பெற்ற தாயை, சீருடைக்காரனிடம் காட்டிக்கொடுத்தது என்றால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

விடுமுறை முடிந்து வேனில் ஏறிய அன்று, நொயெமி உட்கார்ந்த இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "டேய், சாப்பாட்டு டப்பாவை மூடு," என்று ஜோயெலே பக்கத்துப் பையனிடம் சொன்னான். "அரிசி இருந்தா சொல்லிக் குடுத்துடுவா." எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினேன், சிரிப்பு நின்றது. ஆனால் எத்தனை நாளைக்குப் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஓட்டுவது? கோள்மூட்டி என்ற பெயர் ஒட்டிவிட்டது. என் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தொணதொணப்பு சுத்தமாக நின்றுபோனது. காலையில் ஏறுவாள், இறங்குவாள், அவ்வளவுதான். வகுப்பிலும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். வருகைப் பதிவுக்குக் கூடக் கையை மட்டும் தூக்குகிறாளாம்.

டீச்சருக்கும் கிடைத்தது. "நம்ம பிள்ளைங்களைப் படிக்க வைக்கச் சொன்னா போலீஸ் ஆக்கி அனுப்புறாங்க," என்று காப்பிக் கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் காப்பியை நின்றபடி குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டுப் போனார். ஒருநாள் மாலை மரினெல்லா வீட்டுக்குப் போனார். வேனை எதிரே நிறுத்தி டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. மரினெல்லா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஒரு பாக்கெட் மணல் டீச்சர். ஒரே ஒரு பாக்கெட். அந்தக் காலத்துல வண்டி வண்டியா அள்ளுனாங்களே, அப்ப யாரு எந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துனாங்க?"

"யாரும் நடத்தலை," என்றார் டீச்சர். "அதனாலதான் இப்ப நடத்துறேன்."

"நல்லா நடத்துங்க. ஆனா என் மகளை வெச்சு வேண்டாம். செப்டம்பர்லருந்து அவளைப் பக்கத்து ஊர் ஸ்கூல்ல சேக்குறேன். அங்க அவ யாருன்னு யாருக்கும் தெரியாது." கதவு சாத்திக்கொண்டது.

டீச்சர் வேனுக்கு வந்து முன்படியில் உட்கார்ந்தார். "மணலைப் பத்திச் சொல்லிக் குடுத்தேன், அந்தியோக்கோ. பெத்தவளே எடுத்தா என்ன பண்ணணும்னு நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே. எனக்கே அது தெரியாதே." கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். கோபம் வந்தால் தாழ்கிற குரல்தான். ஆனால் அன்றைக்குக் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் மணல் பாடம் நின்றது. நாலாம் வகுப்பு வடக்கே டூரின் பக்கம் ஓடுகிற ‘போ’ என்ற ஆற்றின் கிளைகளை மனப்பாடம் செய்தது. கடற்கரைக்கும் போகவில்லை. பிரஷ் மட்டும் கைப்பையிலேயே இருந்தது. பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பேன். ஏப்ரல் போனது, மே போனது. நொயெமி போகப் போகிறாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. வருத்தப்பட்டவர்கள் யாரும் வெளியே காட்டவில்லை, அந்த வயதில் காட்டவும் தெரியாது.

ஜூன் முதல் வாரத்தில், பள்ளி மூட நாலைந்து நாள் இருக்கும்போது, கப்பலில் வந்து இறங்கினார் சிசின்னியோ. சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கூட ஒரு உயரமான, வழுக்கைத் தலை டூரின்காரர். காலையில் நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "தம்பி, மரினெல்லா வீட்டுப் பக்கம் போறியா?" என்று கேட்டபடியே பதிலுக்குக் காத்திராமல் ஏறிவிட்டார். ஏறியதும் இருக்கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல எது அந்தப் போலீஸ் அம்மா?"

ஜோயெலே மெல்ல விரல் நீட்டிக் காட்டினான். நொயெமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஐயோ என்றிருந்தது. எழுபது வயது மனிதர், கேட்டது கிடைக்காத கோபத்தில் எத்தனை மைல் தாண்டி வந்து குழந்தையைத் திட்டப் போகிறாரோ என்று பயந்தேன்.

அவர் போய் அவள் பக்கத்துக் காலி இருக்கையில் உட்கார்ந்தார். டூரின்காரரைக் காட்டினார். "இவன் பேரு ஒரெஸ்தே. பெரிய தடியன். சனிக்கிழமை சனிக்கிழமை என்கூட சீட்டாடுவான், தோப்பான். எங்க ஊர் மணல் ஒவ்வொண்ணும் அரிசி சைசு இருக்கும்டான்னு சொன்னேன். நம்பலை. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல கண்ணு, முப்பது வருஷமா நம்பலை. சார்டினியாக்காரன்னா புளுகுவான்னு மேசையில எல்லார் முன்னாடியும் சொல்லிப் பந்தயமும் கட்டிட்டான். அதுக்குத்தான் உங்க அம்மாகிட்ட ஒரு பொட்டலம் கேட்டேன்."

"இவர் காட்டியிருந்தா, கடையில வாங்குன அரிசிதானேன்னு சொல்லியிருப்பேன்," என்றார் ஒரெஸ்தே நிதானமாக. "அதுவும் அரிசிப் பாக்கெட்லயே வந்திருந்தா."

"கேட்டியா? இதைத்தான் சொல்ல வர்றேன். உங்க அம்மா கொண்டு வந்திருந்தா நான் செத்தேன். நீ வாயைத் திறந்ததால மணல் வரலை. மணல் வராததால, வாடா நேர்லயே பாருன்னு இவனை இழுத்துக்கிட்டு வந்துட்டேன். நீ காப்பாத்துனது என் மானத்தை, தெரியுமா?"

நொயெமி அவரைப் பார்த்தாள். "ஆனா அம்மாவுக்கு அபராதம் போட்டாங்க தாத்தா," என்றாள். இரண்டு மாதத்தில் என் வேனில் அவள் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கொஞ்சம் மங்கியது. கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

"அதை இவன் கட்டுவான்," என்றார் சிசின்னியோ. "பந்தயத்துல தோத்ததும் கட்டுவான்."

அன்று பள்ளியில் வேறு எந்தப் பாடமும் நடக்கவில்லை. சிசின்னியோ நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போய், தன் விருந்தாளிக்கு மணல் காட்ட நாலாம் வகுப்பைச் சாட்சிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அனுப்பினார்கள். மரினெல்லாவை வீட்டிலிருந்து நானே போய்க் கூட்டிவந்தேன். வழி முழுக்க அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, டீச்சரும் அவளைப் பார்க்கவில்லை.

இஸ் கிரானோசில் ஒரெஸ்தே செருப்போடு இறங்கி, நின்று, குனிந்து, பிறகு மெதுவாக மண்டியிட்டார். ஒரு மணியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மனிதர் அதை வாயில் போட்டுக் கடித்தார். கடக் என்று சத்தம் எனக்கே கேட்டது.

"வேகலை," என்றார்.

முதலில் சிரித்தது மரினெல்லா. சிரித்தால் நிறுத்தத் தெரியாத ஜாதி அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைப் பாதையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பிள்ளைகள், அப்புறம் நான். ஒரெஸ்தே எழுந்து, எல்லோர் முன்னாலும் தொப்பியைக் கழற்றி, முப்பது வருடமாகத் தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். ஜோயெலே நொயெமியைத் தோளில் இடித்து, "உன்னாலதாண்டி இன்னிக்குக் கணக்கு டெஸ்ட் இல்லை," என்றான். எங்கள் ஊரில் மன்னிப்பு இப்படித்தான் வரும்.

நொயெமி இந்த வருடமும் என் வேனில்தான் வருகிறாள், என் பின் இருக்கையில்தான் உட்கார்ந்து தொணதொணக்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர்ப் பேச்சை மரினெல்லா அப்புறம் எடுக்கவில்லை. சொல்லும்போது இப்போதும் நெஞ்சு லேசாகிறது. ஆனால் அன்று சிரிப்போடு எல்லாம் முடிந்திருந்தால் டீச்சரைப் பற்றி எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கிளம்பும் நேரம். பிள்ளைகள் பலகைப் பாதையில் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மரினெல்லா ஒரெஸ்தேவுக்குத் தீவைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். சிசின்னியோ மட்டும் கடல் பக்கம் பார்த்து நின்றார். டூரினில் சீட்டு மேசையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஒரெஸ்தே பேச்சை நம்புவார்களா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தார். நிமிரும்போது ஒரு கை மூடியிருந்தது. அந்தக் கை கோட்டுப் பைக்குள் போய், திறந்து வெளியே வந்தது.

நான் வேன் பக்கத்தில் உயரத்தில் நின்றதால் பார்த்தேன். கீழே மணலில் நின்றவர்களில் பார்த்தது நொயெமி ஒருத்திதான். அவருக்கு இரண்டு அடி பின்னால் நின்றாள்.

அவள் வாய் திறந்தது. உடனே இரண்டு கையாலும் இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா இன்னும் சிரித்த முகமாக இருந்தாள். இத்தனை நாளுக்கப்புறம் வந்த சிரிப்பு, கூட நின்று சிரித்த பிள்ளைகள், எல்லாம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் உள்ளே என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை மேல் கையாக அழுத்திக்கொண்டு நின்றாள், கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

ரைமொந்தா டீச்சர் ஒரு பையனின் காலுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தபோது நொயெமியின் முகத்தைப் பார்த்தார். கிழவர் குனிந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் முதுகு அந்தப் பக்கம் இருந்தது, சத்தியமாகப் பார்க்கவில்லை. பிரஷைப் பையன் கையில் கொடுத்தார். பலகையிலிருந்து இறங்கி, காலுறையோடு மணலில் நடந்து, நொயெமிக்கும் கிழவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"பெரியவரே, பையில இருக்கிறதைக் குடுங்க," என்றார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

சிசின்னியோ திரும்பினார். "எந்தப் பையில?"

"எந்தப் பைன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

மரினெல்லாவும் திரும்பிப் பார்த்தாள். கிழவர் முகம் சிவந்தது. எத்தனை வருடம் டூரினில் இருந்தால் என்ன, எங்கள் ஊர்க்காரன் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்," என்றார் டீச்சர்.

வலது உள்ளங்கையை அவர் முன்னால் விரித்து நீட்டினார். இடது கை பின்னால் போய், துழாவி, நொயெமியின் வாயைப் பொத்தியிருந்த இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கியது.